எஃகின் மேல் டிஎல்சி பூச்சு: உள்தகைவைக் கணினியில் கணக்கிட முழுமையான வழிகாட்டி

பம்ப் தண்டு, வால்வு, பிஸ்டன் பின், வெட்டும் கருவி. தென்னாப்பிரிக்காவில் டர்பன் வட்டாரத்து பைன்டவுன், ஜேக்கப்ஸ் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து டிஎல்சி (வைரம் போன்ற கார்பன் படலம்) பூசி எங்களிடம் வரும் பாகங்கள் பெரும்பாலும் இவைதான். வரும்போது கேள்வியும் கூடவே வரும்: "விளிம்பில் மட்டும் ஏன் உரிகிறது?" டர்பனில் இந்த வேலைக்குப் புதிதாக வரும் தம்பி, தங்கைகளிடம் அந்தக் கேள்வியைக் கொடுத்தால் முதல் நாளே மென்பொருளைத் திறந்து மெஷ் (பாகத்தைச் சிறு துண்டுகளாக்கும் வலை) போட ஆரம்பித்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூச்சில் எவ்வளவு உள்தகைவு (வெளிப்பளு இல்லாமலே உள்ளே நிற்கும் தகைவு) இருக்கிறது என்று இந்தக் கணக்கு உங்களுக்குச் சொல்லாது. நீங்கள்தான் அதற்குச் சொல்ல வேண்டும். அந்தத் தகைவு உங்கள் பாகத்தின் வடிவத்தில் எங்கே குவிகிறது, எங்கே பூச்சைத் தூக்குகிறது என்பதைத்தான் கணினி திருப்பிச் சொல்லும். கீழே உள்ள படிகளின் வரிசை முழுவதும் இதை வைத்து அமைந்தது.

வரையறு உறுப்பு முறையில் (பாகத்தை எலிமென்ட் என்ற சிறு துண்டுகளாகவும் அவற்றை இணைக்கும் நோடு என்ற புள்ளிகளாகவும் பிரிப்பது) கணக்கிடும் எந்த மென்பொருளுக்கும் இது பொருந்தும். கையில் அபாகஸ் என்ற கட்டண மென்பொருள் இல்லையென்றால் கால்குலிக்ஸ் போதும். அது இலவசம், உள்ளீட்டுக் கோப்பின் வடிவமும் ஏறக்குறைய அதே. விண்டோஸில் படம் பார்த்து வேலை செய்ய அதன் மேல் ப்ரீபோமேக்ஸ் இருக்கிறது.

1. என்ன கேட்கிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

பொதுவாக நான்கு கேள்விகள் வரும். பூசிய பின் பாகம் எவ்வளவு வளையும்? விளிம்பிலும் மூலையிலும் பூச்சு உரியுமா? தட்டையான இடத்தில் கொப்புளம் கிளம்புமா? வேலைப் பளு ஏறும்போது என்ன ஆகும்?

நான்குக்கும் ஒரே மாடல் உதவாது. வளைவைக் கேட்டால் முழுத் தடிமனும் வேண்டும், விளிம்பில் நுணுக்கமான மெஷ் வேண்டாம். உரிதலைக் கேட்டால் விளிம்பைச் சுற்றி 100 மைக்ரோமீட்டர் போதும், ஆனால் அங்கே மெஷ் மிக நுணுக்கமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மாடலில் அடைக்கப் பார்ப்பவர்களுக்கு நாள் முழுக்க ஓடும் மாடல் கிடைக்கும், எந்தக் கேள்விக்கும் விடை கிடைக்காது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பூச்சின் தடிமன், அதன் கீழுள்ள குரோமியம் இடைப்படலத்தின் தடிமன், பூசும்போது பாகத்தின் வெப்பநிலை, எஃகு, குரோமியம், டிஎல்சி மூன்றுக்கும் யங் குணகம் (பொருளின் விறைப்பு), பாய்சான் விகிதம் (ஒரு பக்கம் இழுத்தால் குறுக்கே எவ்வளவு சுருங்கும்), வெப்ப விரிவெண் (ஒரு டிகிரிக்கு எவ்வளவு விரியும்). இவற்றோடு, அளந்து எடுத்த ஒரு தகைவு மதிப்பு.

'டிஎல்சி' என்ற பெயரை மட்டும் வைத்து இணையத்திலிருந்து யங் குணகம் எடுக்காதீர்கள். ஹைட்ரஜன் கலந்த வகையில் 100 முதல் 250 ஜிகாபாஸ்கல் வரை வரும். ஹைட்ரஜன் இல்லாத, வைரப் பிணைப்பு மிகுந்த வகையில் 700-ஐயும் தாண்டும். உள்தகைவும் அப்படித்தான்: முதல் வகையில் பெரும்பாலும் 1 முதல் 3 ஜிகாபாஸ்கல், இரண்டாவதில் 10 வரை போகும். எந்த வகை என்று பூசியவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். முடிந்தால் நானோ இன்டென்டேஷனில் (நுண்ணிய ஊசியால் அழுத்தி அளப்பது) உங்கள் பூச்சையே அளந்துவிடுங்கள். ஊசி இறங்கும் ஆழம் பூச்சின் தடிமனில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கீழே இருக்கும் எஃகையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

வெப்பநிலையில் ஓர் எச்சரிக்கை. பூசும் அறையின் திரையில் தெரிவது பாகத்தின் வெப்பநிலை ஆகாது. அயனிகள் விடாமல் மோதுவதால் மெல்லிய விளிம்புகள் கூடுதலாகச் சூடேறும்.

தகைவை அளக்க எக்ஸ்-கதிர் முறையைக் கேட்டு வருபவர்கள் நிறைய. டிஎல்சிக்கு அது உதவாது. ஒழுங்கான படிக அடுக்கு இருந்தால்தான் அந்த முறை வேலை செய்யும், இதுவோ படிகமற்ற பொருள். பூசும் அறையில் பாகத்தோடு ஒரு மெல்லிய தகட்டையும் வையுங்கள். பூசும் முன்னும் பின்னும் அதன் வளைவை ப்ரொஃபைலோமீட்டரில் (பரப்பின் மேடு பள்ளத்தை அளக்கும் கருவி) அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். புதுத் தகடும் லேசாக வளைந்துதான் வரும். அதனால் முன் அளவு இல்லாமல் பின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

3. கமாவைச் சரிபாருங்கள்

தென்னாப்பிரிக்காவில் வேலை செய்பவர்கள் இதைத் தாண்டிப் போகவே கூடாது. இங்கே விண்டோஸை நாட்டு அமைப்பில் நிறுவினால் தசமப் புள்ளிக்குப் பதில் கமா வரும். எக்செலில் 0.22 என்பது 0,22 என்று நிற்கும். அதை அப்படியே உள்ளீட்டுக் கோப்பில் ஒட்டினால் கமா அங்கே இரண்டு மதிப்புகளைப் பிரிக்கும் குறியாகிவிடும்.

மீள்தன்மை வரியில் இது எப்படி ஆகிறது என்று பாருங்கள். நீங்கள் எழுத நினைத்தது:

200000, 0.22

கோப்பில் விழுந்தது:

200000, 0,22

மென்பொருள் இதை யங் குணகம் 200000, பாய்சான் விகிதம் 0, வெப்பநிலை 22 டிகிரி என்று படிக்கும். மூன்றாவது இடம் வெப்பநிலைக்கு உரியது என்பதால் பிழைச் செய்தியே வராது. ஓட்டம் சுத்தமாக முடியும். பூச்சின் தகைவு மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவாக வரும். வெப்ப விரிவெண்ணில் இதே தவறு நடந்தால் விடை கன்னாபின்னாவென்று வீங்கி உடனே காட்டிக்கொடுத்துவிடும். பாய்சான் விகிதத்தில் நடந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் விடை நம்பும்படியாக இருக்கும்.

அந்தக் கணினியின் வட்டார அமைப்பில் தசமக் குறியைப் புள்ளியாக மாற்றுங்கள். அப்புறம் உள்ளீட்டுக் கோப்பை வெறும் உரையாகத் திறந்து பொருள் வரிகளைக் கண்ணால் ஒருமுறை படியுங்கள்.

அலகையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நீளம் மைக்ரோமீட்டர், விசை மைக்ரோநியூட்டன் என்று வைத்தால் தகைவு மெகாபாஸ்கலில் வரும். மில்லிமீட்டர், நியூட்டன் வைத்தாலும் மெகாபாஸ்கல்தான். ஆகவே பொருள் மதிப்புகள் மாறாது, வடிவத்தின் அளவுகள் மட்டும் மாறும். விளிம்பு மாடலுக்கு மைக்ரோமீட்டர் வசதி. 0.0002 என்று சுழியம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

4. கையால் ஒரு கணக்கு

கணினியைத் தொடும் முன் ஒரு தாளில் இதைப் போட்டே ஆக வேண்டும். பின்னால் வரும் எல்லா விடைகளையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணம். 1 மி.மீ. தடிமன் எஃகுத் தகடு, யங் குணகம் 210 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.3, வெப்ப விரிவெண் டிகிரிக்கு 11.5 × 10⁻⁶. மேலே 2 மைக்ரோமீட்டர் டிஎல்சி: 200 ஜிகாபாஸ்கல், 0.22, 2.3 × 10⁻⁶. இடையில் 0.2 மைக்ரோமீட்டர் குரோமியம், கைக்கணக்கில் அதை விட்டுவிடலாம். பூசியது 200 டிகிரியில், அறை வெப்பநிலை 20 டிகிரி.

முதலில் இருதிசைக் குணகம். யங் குணகத்தை, ஒன்றிலிருந்து பாய்சான் விகிதத்தைக் கழித்து வருவதால் வகுக்க வேண்டும். எஃகுக்கு 300 ஜிகாபாஸ்கல், டிஎல்சிக்கு 256. படலம் இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் அமுக்கப்படுவதால் வெறும் யங் குணகம் இங்கே போதாது.

அடுத்தது 1909-இல் வந்த ஸ்டோனி வாய்பாடு. எஃகின் இருதிசைக் குணகத்தை அதன் தடிமனின் வர்க்கத்தால் பெருக்கி, ஆறு மடங்கு பூச்சுத் தடிமன் பெருக்கல் வளைவு ஆரத்தால் வகுத்தால் பூச்சின் தகைவு கிடைக்கும். தகட்டின் வளைவு ஆரம் 12.4 மீட்டர் என்று அளந்திருந்தால் தகைவு சுமார் 2.02 ஜிகாபாஸ்கல். 40 மி.மீ. நீளத்துக்கு நடுப்பகுதி 16 மைக்ரோமீட்டர் புடைத்து நிற்கும், சாதாரண ப்ரொஃபைலோமீட்டருக்கு எட்டும் அளவுதான். பூசிய பக்கம் புடைத்தால் அமுக்கத் தகைவு, குழிந்தால் இழுவைத் தகைவு. குறியை இங்கேயே எழுதி வையுங்கள்.

இப்போது இதை இரண்டாகப் பிரிக்க வேண்டும். குளிரும்போது எஃகு அதிகம் சுருங்கும், டிஎல்சி குறைவாகச் சுருங்கும். விரிவெண் வித்தியாசம் 9.2 × 10⁻⁶, அதை 180 டிகிரியால் பெருக்கி, 256 ஜிகாபாஸ்கலாலும் பெருக்கினால் 0.42. இது வெப்பப் பங்கு. மீதி 1.6 ஜிகாபாஸ்கல், பூசும்போதே அயனிகள் மோதி அணுக்களைப் படலத்துக்குள் திணித்ததால் வந்த வளர்ச்சித் தகைவு. டிஎல்சியில் பெரும்பாலும் இதுதான் பெரிய பங்கு. வெப்ப வித்தியாசத்தை மட்டும் வைத்து உள்தகைவைக் கணக்கிட்ட அறிக்கைகள் இன்னும் என் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஐந்தில் நான்கு பங்கை விட்டுவிட்டு மீதியைத் துல்லியமாகக் கணக்கிட்டு என்ன பயன்?

பிரிப்பதற்குக் காரணம் உண்டு. வளர்ச்சித் தகைவு பூச்சோடு போகும், வெப்பப் பங்கு அடி உலோகத்தைப் பொறுத்து மாறும். அதே பூச்சை துருப்பிடிக்காத எஃகில் போட்டால் வெப்பப் பங்கு 0.6 ஜிகாபாஸ்கலைத் தாண்டும், டைட்டானியத்தில் 0.3-ஐ ஒட்டி நிற்கும். சிலிக்கான் தகட்டில் அளந்தால் வெப்பப் பங்கு ஏறக்குறைய இல்லை, ஏனென்றால் சிலிக்கானின் விரிவெண் 2.6 × 10⁻⁶. சிலிக்கானில் அளந்த எண்ணை அப்படியே எஃகுப் பாகத்துக்கு வைப்பது தவறு. எஃகில் அளந்த மொத்த எண்ணை வளர்ச்சித் தகைவாகக் கொடுத்து, அதன் மேல் மாடலையும் குளிர வைப்பது அதைவிடப் பெரிய தவறு. வெப்பப் பங்கு இருமுறை சேர்ந்துவிடும். நான் பார்த்தவரை புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான்.

5. மாடலின் வகையைத் தேர்ந்தெடுங்கள்

வட்டத் தகடு, தண்டு, பின் என்றால் அச்சுச் சமச்சீர் மாடல், அதாவது அச்சிலிருந்து வெளிவிளிம்பு வரையிலான பாதிக் குறுக்குவெட்டை மட்டும் வரைவது. இரு பரிமாணத்தில் முடிந்துவிடும், தகைவு முழுமையாக வரும்.

நீண்ட வெட்டும் விளிம்பு என்றால் குறுக்குவெட்டு மாடல் தேவை. இங்கே சாதாரண தளத்திரிபு எலிமென்ட் போடாதீர்கள். அது மூன்றாவது திசையில் எந்த அசைவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளும். குளிரும் எஃகு அந்தத் திசையில் சுருங்க முடியாமல் 435 மெகாபாஸ்கல் போலி இழுவை காட்டும். பாகம் சுதந்திரமாகச் சுருங்குகிறது என்பதுதானே உண்மை? பொதுமைப்படுத்திய தளத்திரிபு எலிமென்ட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் ஒரு எலிமென்ட் தடிமனுள்ள முப்பரிமாணத் துண்டு வெட்டி, முன்முகத்தை அந்தத் திசையில் நிறுத்தி, பின்முகத்து நோடுகள் எல்லாம் ஒன்றாக நகரும்படி கட்டிவிடுங்கள். அதே விடை வரும்.

அணு அளவில் படலம் வளர்வதையே கணக்கிடும் முறையும் உண்டு. தகைவு ஏன் வருகிறது என்பதை அறிய அது நல்லது. பம்ப் தண்டு ஏன் உரிகிறது என்பதற்கு அதில் விடை தேட வேண்டாம்.

6. மெஷ்

பூச்சின் தடிமனுக்குள் குறைந்தது ஆறு இருபடி (குவாட்ராடிக்) எலிமென்ட். 0.2 மைக்ரோமீட்டர் குரோமியத்துக்குக் குறைந்தது இரண்டு. குரோமியம் மெல்லியதாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால் வளைவுக் கணக்குக்கு ஒன்றும் ஆகாது, விளிம்புக் கணக்குக்கு ஆகும். உரிதல் பெரும்பாலும் அதன் மேல் முகத்திலோ கீழ் முகத்திலோதான் தொடங்குகிறது.

விளிம்பிலிருந்து பூச்சுத் தடிமனைப் போல் பத்து மடங்கு தூரம் வரை எலிமென்ட்கள் ஏறக்குறைய சதுரமாக இருக்கட்டும். அதற்கு அப்பால் நீளவாக்கில் இழுத்துவிடுங்கள், அங்கே எதுவும் மாறப்போவதில்லை. எல்லா இடத்திலும் சதுரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் 20 மி.மீ. நீளத்துக்கு வரிசை ஒன்றுக்கு 60,000 எலிமென்ட் ஆகும். கேப் டவுனில் இருக்கும் சிஎச்பிசி என்ற உயர்திறன் கணினி மையத்தில் இடம் கேட்கலாமா என்று மாணவர்கள் என்னிடம் கேட்பது இந்தக் கட்டத்தில்தான். இந்த வேலைக்கு மடிக்கணினியே அதிகம்.

7. உள்தகைவை மாடலுக்குள் கொடுப்பது

இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, தொடக்கத் தகைவு. அறை வெப்பநிலையில், பூச்சு எலிமென்ட்களுக்கு −2020 மெகாபாஸ்கல் என்று இரண்டு திசையிலும் நேரடியாகக் கொடுத்துவிட்டு, ஒரு சமநிலைப் படி ஓடவிடுவது. குளிர வைக்கக் கூடாது. தட்டையான பாகத்துக்கு இது எளிது. வளைந்த விளிம்பில் தகைவின் திசை ஒவ்வொரு எலிமென்டுக்கும் மாறும் என்பதால் அங்கே தலைவலி.

இன்னொன்று, பொய் விரிவெண். எனக்குப் பிடித்தது இது. வளர்ச்சித் தகைவு என்பது, கீழே எஃகு பிடித்துக்கொண்டிருப்பதால் விரிய முடியாமல் நிற்கும் படலம். எஃகு விட்டுவிட்டால் எவ்வளவு விரியும்? 1.6-ஐ 256-ஆல் வகுத்தால் 0.00625. இந்தத் திரிபை 180 டிகிரி குளிர்ச்சியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். டிகிரிக்கு 34.7 × 10⁻⁶. குளிரும்போது விரிய வேண்டும் என்பதால் குறி எதிர்மறை. உண்மையான 2.3-ஐயும் சேர்த்தால் டிஎல்சியின் விரிவெண் −32.4 × 10⁻⁶. எஃகுக்கு வழக்கமான 11.5 × 10⁻⁶. மாடல் முழுவதையும் 200-இலிருந்து 20-க்குக் குளிர வையுங்கள். வளர்ச்சிப் பங்கும் வெப்பப் பங்கும் ஒரே படியில் வந்துவிடும், வளைந்த விளிம்பிலும் திசையைப் பற்றிக் கவலை இல்லை.

குரோமியத்துக்கு அதன் சொந்த விரிவெண் போதும். அதற்கும் வளர்ச்சித் தகைவு உண்டு என்று தெரிந்தால், குரோமியம் மட்டும் பூசிய ஒரு தகட்டைத் தனியாக அளந்து இதே வழியில் சேருங்கள்.

எதிர்மறை விரிவெண்ணைப் பார்த்துவிட்டு யாராவது "தட்டச்சுப் பிழை" என்று திருத்திவிடுவார்கள். கோப்பில் அந்த வரிக்கு மேல் காரணத்தைக் குறிப்பாக எழுதிவிடுங்கள்.

8. எங்கே பிடித்து நிறுத்துவது

பாகம் பறந்து போகாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மட்டும். அச்சுச் சமச்சீர் மாடலில் அச்சின் மேல் ஆரத் திசை அசைவு இல்லை, அடியில் அச்சின் மேலுள்ள ஒரே ஒரு நோடு செங்குத்தாக அசையாது. அவ்வளவுதான்.

அடிப்பக்கம் முழுவதையும் கட்டிப்போடுவது எல்லோருக்கும் கை பழகிய வழி, ஏனென்றால் பாடப் பயிற்சிகளில் அப்படித்தான் வரும். இங்கே அது என்ன செய்யும் என்று கணக்குப் போடுங்கள். எஃகு சுருங்கவே முடியாது, அதற்குள் 620 மெகாபாஸ்கல் போலி இழுவை ஏறும். எஃகு சுருங்காததால் பூச்சின் அமுக்கம் 2.02-இலிருந்து 1.5 ஜிகாபாஸ்கலாக இறங்கும். வளைவு சுத்தமாக மறைந்துவிடும். நிறப்படம் மட்டும் அழகாகத்தான் இருக்கும்.

9. முதல் ஓட்டம்: தட்டையான தகடு மட்டும்

உங்கள் உண்மையான பாகத்துக்கு இன்னும் போகாதீர்கள். நான்காம் படியில் கையால் கணக்கிட்ட அதே தகட்டை ஓட்டுங்கள். விளிம்பிலிருந்து விலகி நடுவில் மூன்று எண்களைப் பாருங்கள்.

பூச்சின் கிடைத் தகைவு −2.0 ஜிகாபாஸ்கலை ஒட்டி வர வேண்டும். எஃகு சற்று இளகிக்கொடுப்பதால் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் குறையும், அது சரி. எஃகின் மேல்முகத்தில் சுமார் +16 மெகாபாஸ்கல், அடிமுகத்தில் சுமார் −8, மேலிருந்து மூன்றில் இரண்டு பங்கு ஆழத்தில் சுழியம். வளைவு ஆரம் 12.4 மீட்டர் அருகில்.

மூன்றும் பொருந்தினால் மேலே போகலாம். பூச்சு 1.58 காட்டினால் மூன்றாம் படிக்குத் திரும்பிக் கமாவைப் பாருங்கள். 1.5 காட்டி வளைவு இல்லையென்றால் எட்டாம் படி. பூச்சு சரியாக இருந்து எஃகில் நூற்றுக்கணக்கான மெகாபாஸ்கல் தெரிந்தால் ஐந்தாம் படி. 0.42 மட்டும் வந்தால் பொய் விரிவெண் கோப்பில் ஏறவே இல்லை.

10. உண்மையான விளிம்பு

இப்போதுதான் உங்கள் பாகம். விளிம்பைக் கூர்மையான மூலையாக வரையாதீர்கள். அதைத் தேய்த்து உருட்டியிருப்பார்கள், அந்த ஆரத்தை நுண்ணோக்கியில் அளந்து வரையுங்கள். விடையை முடிவு செய்வதே அந்த ஆரம்தான்.

அமுக்கத்தில் இருக்கும் படலம் புடைத்த வளைவின் மேல் உட்கார்ந்தால், வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டு எழப் பார்க்கும். அப்போது ஒட்டுமுகத்தில் (பூச்சு அடி உலோகத்தோடு ஒட்டும் முகம்) செங்குத்து இழுவை வரும். அதன் அளவு ஏறக்குறைய தகைவு பெருக்கல் தடிமன் வகுத்தல் ஆரம். 2000 மெகாபாஸ்கல், 2 மைக்ரோமீட்டர் பூச்சு, 20 மைக்ரோமீட்டர் ஆரம் என்றால் 200 மெகாபாஸ்கல் பூச்சை எஃகிலிருந்து பிடித்து இழுக்கிறது. ஆரம் 200 ஆக இருந்தால் 20 மட்டுமே. "விளிம்பில் மட்டும் ஏன் உரிகிறது" என்ற பட்டறைக் கேள்விக்குப் பாதி விடை இது. பூச்சை மாற்றும் முன் விளிம்பை உருட்டிப் பாருங்கள் என்று சொல்ல இந்த ஒரு எண் போதும்.

சொரசொரப்பான பரப்பிலும் இதே கதைதான். மேட்டின் உச்சியில் இழுவை, பள்ளத்தில் அமுக்கம். அரைத்த கோடுகளின் முகட்டில் பூச்சு வரிவரியாகப் போயிருந்தால் இதை நினையுங்கள்.

11. பூச்சு முடியும் இடத்தை எப்படிப் படிப்பது

முகமூடி வைத்துப் பூசிய பாகத்தில் படலம் ஓர் இடத்தில் சட்டென்று முடியும். அந்த முனையில் கிடைத் தகைவு சுழியத்துக்கு இறங்க வேண்டும். அந்த இறக்கம் தடிமனைப் போல் சில மடங்கு தூரத்துக்குள் நடக்கிறது. அந்தச் சிறு தூரத்தில்தான் ஒட்டுமுகம் முழுச் சுமையையும் சறுக்குத் தகைவாகத் தாங்குகிறது.

சிக்கல் என்னவென்றால், கோட்பாட்டின்படி அந்த மூலைப் புள்ளியில் தகைவுக்கு எல்லையே இல்லை. மெஷை நுணுக்கினால் எண் ஏறும், இன்னும் நுணுக்கினால் இன்னும் ஏறும். "அண்ணா, நேற்று 900 வந்தது, இன்று 1400 வருகிறது, எது சரி?" என்று கேட்டால் விடை: இரண்டும் இல்லை. அந்தப் புள்ளியின் உச்ச எண்ணை அறிக்கையில் எழுதவே கூடாது.

அதற்குப் பதில் ஆற்றலைக் கணக்கிடுங்கள். விளிம்பிலிருந்து ஒட்டுமுகம் பிரிந்துகொண்டே போனால் ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு ஆற்றல் விடுபடும் என்பது மெஷைச் சார்ந்தது அல்ல. நீண்ட நேர்விளிம்புக்கு அதைக் கையாலேயே போடலாம்: ஒன்றிலிருந்து பாய்சான் விகிதத்தின் வர்க்கத்தைக் கழித்து, தகைவின் வர்க்கத்தாலும் தடிமனாலும் பெருக்கி, யங் குணகத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நம் உதாரணத்துக்கு சதுர மீட்டருக்கு சுமார் 19 ஜூல். ஒட்டுமுகத்தின் தாங்குதிறன் இதைவிடக் குறைவு என்றால் பூச்சு தானாகவே உரியும்.

இதில் தடிமன் நேர்விகிதத்தில் இருப்பதைக் கவனியுங்கள். "தேய்கிறது, 4 மைக்ரோமீட்டர் போடுங்கள்" என்று பட்டறை கேட்டால், தகைவு மாறாமலே உரிக்கும் ஆற்றல் இரட்டிப்பாகும். நிறப்படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் இரண்டு படத்திலும் நிறம் ஒன்றுதான்.

12. கொப்புளம்

டர்பன் கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று பட்ட சுவரில் பெயின்ட் கிளம்புவது போல, தட்டையான இடத்திலும் டிஎல்சி கிளம்பும். சில நேரம் நெளிநெளியாகப் புழு ஊர்ந்த தடம் போல ஓடும். ஒட்டாத ஒரு திட்டு ஏற்கெனவே அங்கே இருந்தால்தான் இது நடக்கும். எண்ணெய்த் துளி, தூசி, சரியாகச் சுத்தம் செய்யாத இடம்.

திட்டு எவ்வளவு பெரிதாக இருந்தால் ஆபத்து? 2 மைக்ரோமீட்டர் பூச்சு, 2 ஜிகாபாஸ்கல் அமுக்கம் என்றால், நீள்திட்டின் அகலம் 37 மைக்ரோமீட்டரைத் தாண்டியதும் படலம் எழும். மனித முடியின் பாதித் தடிமன்தான். சுத்தம் செய்யும் தொட்டியைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்று பட்டறைக்காரர்கள் சலித்துக்கொள்வது உண்டு, காரணம் இந்த எண்.

இந்தக் கணக்குக்கு மாடலில் மூன்று மாற்றங்கள் வேண்டும். திட்டு இருக்கும் இடத்தில் பூச்சையும் எஃகையும் பிரித்து, இடையில் தொடுகை வையுங்கள். இல்லையென்றால் படலம் எஃகுக்குள்ளேயே இறங்கிவிடும். பெரிய இடப்பெயர்ச்சிக் கணக்கை இயக்குங்கள், நேரியல் கணக்கில் கொப்புளம் வரவே வராது. மூன்றாவதாக, தடிமனில் ஒரு சதவீத அளவுக்குப் படலத்தை முன்கூட்டியே மிக லேசாகப் புடைக்க வையுங்கள். கச்சிதமான தட்டைப் படலத்துக்கு எந்தப் பக்கம் எழுவது என்று தெரியாது, அமுங்கியபடியே கிடக்கும். அதைப் பார்த்து "கொப்புளம் வராது" என்று எழுதிவிடாதீர்கள்.

இந்த ஓட்டம் சிறுசிறு படிகளாக நெடுநேரம் போகும். மறுதொடக்கக் கோப்பு எழுதும்படி அமைத்துவிடுங்கள். லோட் ஷெடிங் காலத்தில் எங்களுக்கு வந்த பழக்கம் இது. மின்சாரம் சீரான பிறகும் விட மனமில்லை.

13. வேலைப் பளு, கடைசியில்

உள்தகைவுப் படி முடிந்த அதே மாடலில் அடுத்த படியாகப் பளுவைச் சேருங்கள். இரண்டையும் தனித்தனியாக ஓட்டி விடைகளைக் கூட்டுவது எல்லாம் மீள்தன்மையில் இருக்கும்வரைதான் செல்லும். எஃகு நிரந்தரமாக உருமாறத் தொடங்கியதும் வரிசை முக்கியமாகிவிடும். அதனால் எஃகுக்கு இங்கே நெகிழ்வு வளைகோடும் (எவ்வளவு தகைவில் எவ்வளவு நிரந்தரமாக உருமாறும் என்ற கோடு) கொடுக்க வேண்டும். இதுவரை தேவைப்படவில்லை, ஏனென்றால் 16 மெகாபாஸ்கலில் எஃகுக்கு ஒன்றும் ஆகாது.

சரிபார்க்க மலிவான சோதனை ராக்வெல் பதிப்பு. 150 கிலோகிராம் விசையில் வைர ஊசியை இறக்கி, பள்ளத்தைச் சுற்றிப் பூச்சு எப்படி விரிசல் விட்டது, எங்கே உரிந்தது என்று நுண்ணோக்கியில் பார்ப்பது. விடிஐ 3198 என்ற ஜெர்மானிய வழிமுறையில் இதை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறார்கள். அதே பதிப்பை உங்கள் மாடலிலும் இறக்குங்கள். ஒட்டுமுகத்தில் இழுவை அதிகம் என்று மாடல் காட்டும் வளையமும், நுண்ணோக்கியில் உரிந்து தெரியும் வளையமும் ஒரே ஆரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆரம் பொருந்தாவிட்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது எஃகின் நெகிழ்வு வளைகோடு. பட்டறை சொன்ன கடினத்தன்மையை நம்பாமல், பூசிய பிறகு அந்தப் பாகத்திலேயே ஒருமுறை அளந்து போடுங்கள். தாழ்ந்த வெப்பத்தில் டெம்பர் செய்த பேரிங் எஃகு, பூசும் அறையிலேயே மென்மையாகி வந்திருக்கக்கூடும்.